சனிக்கிழமை மணி

ரேக்யவிக்,
12 அக்டோபர் 1958

அன்புள்ள ஸ்வாவா அக்காவுக்கு, ஆசியும் நலமும் உண்டாகட்டும்.

நான் நலம். இடது முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகுகிறது. வானொலியின் வானிலை அறிக்கையைவிட அது சொல்வது சரியாக இருக்கிறது. நீயும் பசுக்கள் நான்கும் நலம்தானே?

ஹெர்மான் அத்தான் போய் ஆறு மாதம் ஆகிறது. அவர் இல்லாமல் உனக்கு இது முதல் குளிர்காலம். முப்பத்தொன்றாம் தேதி சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால் பிப்ரவரி பத்து வரை ஹ்வம்மூரில் அதன் முகத்தைப் பார்க்க முடியாது. நூறு நாள். அத்தனையையும் அந்த வீட்டில் நீ தனியாகக் கழிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இங்கே மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. உனக்காக மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன். கடையில் வெண்ணெய் நிறம் என்றார்கள், அடித்த பிறகு பார்த்தால் முட்டைக் கரு. பரவாயில்லை, இருட்டுக்கு எதிராக எதை அடித்தாலும் நல்லதுதான். ஜன்னலுக்கு நேர் கீழே தெருவிளக்கு இருக்கிறது. அணைவதே இல்லை.

பசுக்களை எடுத்துக்கொள்ளப் பக்கத்துப் பண்ணை பிராண்டூர் தயார் என்று நீயே எழுதியிருந்தாய். பிறகு என்ன தயக்கம்? யோசித்து எழுது.

அதுவரை தினமும் ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடி. மதியம் வெளிச்சம் வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் உட்காராதே, நட. பத்திரிகையில் போட்டிருந்தான்.

ஆசியோடு இரு.
உன் தம்பி,
தோர்ஃபி


ஹ்வம்மூர்,
6 நவம்பர் 1958

தம்பி தோர்ஃபிக்கு, ஆசியும் நலமும்.

நான் நலம். பசுக்கள் என்னைவிட நலம். உன் முழங்காலுக்கு என் வணக்கம்.

சூரியன் சொன்ன தேதியில் போய்விட்டது. கடைசி நாள் சமையலறை ஜன்னலில் ஏழு நிமிடம் நின்றது. வழக்கமாக ஹெர்மான் எழுந்து, தொப்பியைக் கழற்றி, "போயிட்டு வாங்க, அப்பம் சுட்டு வைக்கிறோம்"னு அதனிடம் சொல்வார். இந்த வருஷம் யாரும் சொல்லவில்லை.

மீன் எண்ணெய் குடிக்கிறேன். ஏப்பம் விட்டால் வாசலில் கடற்பறவை வந்து நிற்கிறது. நடக்கச் சொன்னாயே, நடந்தேன். காற்று என்னைத் தூக்கிக் கொண்டுபோய்க் கோழிக் கூண்டில் சேர்த்தது. வேறு மருந்து இருந்தால் சொல்லு.

உண்மையைச் சொன்னால் நிறையத் தூங்குகிறேன். பால் கறக்க எழுகிறேன், படுக்கிறேன், மறுபடியும் கறக்க எழுகிறேன். நடுவில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஊரில் எல்லாரும் அடி பார்த்து வைத்து நடக்கிறார்கள். ஜனவரிக் கடைசியில் நடுக்குளிர் விருந்து வருகிறதல்லவா, அதற்கான கமிட்டிக்கு இந்த வருஷம் பிராண்டூர் தலைவன். யார் வழுக்கி விழுந்தாலும், யார் ஆடு கிணற்றில் இறங்கினாலும், நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொள்கிறான். எல்லாம் விருந்தில் பாட்டாக வரும். உன் அத்தான் பதினோரு வருஷம் தொடர்ந்து பாட்டு வாங்கிய மனிதர். பன்னிரண்டாவது வருஷம் கிடைக்காமல் போய்விட்டார்.

என்னிடம் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள். டெலிபோனை எடுத்தால் எக்ஸ்சேஞ்ச் லௌகா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாப்பிட்டியா ஸ்வாவா?" என்கிறாள். முப்பது வருஷமாக அவள் என்னை "அடியே" என்றுதான் கூப்பிடுவாள். நமது லைனில் ஒன்பது வீடு, ஒருவர் பேசினால் ஒன்பது பேரும் கேட்கலாம். அதனால்தான் இதையெல்லாம் கடிதத்தில் எழுதுகிறேன்.

மாடியறையைப் பற்றி யோசிக்கிறேன்.

ஆசியோடு இரு.
அக்கா ஸ்வாவா


ரேக்யவிக்,
20 நவம்பர் 1958

அன்புள்ள அக்காவுக்கு, ஆசியும் நலமும்.

உன் கடிதம் கண்டேன். கோழிக் கூண்டு வரியைப் படித்துவிட்டு அச்சகத்தில் தனியாகச் சிரித்தேன். கோத்து வைத்திருந்த ஒரு பக்க ஈய எழுத்து முழுவதும் தரையில் கொட்டிவிட்டது. பொறுக்கி அடுக்க அரை நாள் ஆயிற்று.

வேறு மருந்து கேட்டாய். சேகரித்து வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லா விளக்கையும் ஏற்று, மண்ணெண்ணெய்க்குக் கஞ்சம் பிடிக்காதே. கம்பளிச் சட்டையில் சிவப்பு நூல் சேர்த்துப் பின்னு. சாப்பாட்டுக்கு முன்னால் உரக்கப் பாடு, நுரையீரலுக்கு நல்லதாம். நான் வெந்நீர்க் குளத்துக்குத் தினமும் போகிறேன். கழுத்துவரை நீரில் இருந்துகொண்டு தலையில் பனி விழுவதைப் பார்ப்பது நன்றாக இருக்கிறது. பிறகு வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சி, வானொலி கேட்டுப் படுப்பேன். நாள் ஓடிவிடுகிறது.

அறைக்குக் கட்டில் வாங்கிவிட்டேன். நீ வருவாய் என்று வாங்கவில்லை, மலிவாக வந்தது.

அதிகம் தூங்காதே அக்கா. பதில் போடு.

ஆசியோடு இரு.
தோர்ஃபி


ஹ்வம்மூர்,
16 டிசம்பர் 1958

தம்பி தோர்ஃபிக்கு, ஆசியும் நலமும்.

பதில் தாமதம். எழுத ஒன்றும் இல்லை. இப்போது ஒன்று இருக்கிறது.

கோயில் மணி நம் வீட்டுப் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். கோயில் நம் நிலத்தில் நிற்பதால் அதைப் பார்த்துக்கொள்வதும் மணி அடிப்பதும் ஹ்வம்மூர்க்காரர் வேலை. ஹெர்மானுக்குப் பின் நான். பாதிரியாருக்கு மூன்று கோயில், ஆகவே நமக்கு மாதம் ஒரு ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு ஆராதனை. இந்த மாதம் பதினாலாம் தேதி.

சனிக்கிழமை மதியம் கொஞ்சம் படுத்தேன். விழித்தபோது கும்மிருட்டு. கடிகாரத்தில் ஐந்து. ஐயோ விடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை என்று எழுந்து ஓடினேன். பால் கறந்தேன். பசுக்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவற்றுக்குச் சரியான நேரம்தான் அது. கஞ்சி குடித்தேன். கோயில் அடுப்பை மூட்டினேன். நல்ல கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு, சரியாக எட்டு மணிக்கு முதல் மணி அடித்தேன்.

நான் அடித்தது சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு.

ஊர் திரண்டு வந்தது. பாதிப் பேர் தீப்பிடித்ததென்று வாளியோடு. லௌகா இரண்டு கையிலும் இரண்டு வாளி. மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை என்று நம்பி, நல்ல உடையில், பாட்டுப் புத்தகத்தோடு. அவர்களுக்கு முன்னால் பிராண்டூர், முகம் மழித்து, தலை வாரி. வாளிக்காரர்கள் வலப்பக்கமும் புத்தகக்காரர்கள் இடப்பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடுவில் நான், கயிற்றைப் பிடித்தபடி.

"இன்னைக்கு என்ன கிழமை?"ன்னு கேட்டேன்.

லௌகா வாளிகளைக் கீழே வைத்தாள். "சனிதான். பரவாயில்ல ஸ்வாவா. உன் நெலமையில யாருக்கா இருந்தாலும் இப்படித்தான்."

பிராண்டூர் வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, குழந்தையிடம் சொல்வதுபோல, "வீட்டுக்குப் போய்ப் படும்மா"ன்னான். எல்லாரும் கலைந்து போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் டெலிபோனை எடுத்தேன். லைனில் நாலு பேர் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக் கொக்கி சத்தம் கேட்டதும் ஒரு குரல், "ஸ்வாவா எடுத்திருக்கா, பேச்ச மாத்து." உடனே ஆட்டுக்கு வைக்கோல் போதுமா என்று பேச ஆரம்பித்தார்கள்.

நீ சொல்வது சரி. இங்கே இருந்து என்ன செய்யப்போகிறேன். பசுக்களைத் தருகிறேன் என்று பிராண்டூரிடம் சொல்லிவிட்டேன். பிப்ரவரி முதல் வாரப் படகில் வருகிறேன். அறையைப் பூட்டாமல் வை.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஆசியோடு இரு.
அக்கா


ரேக்யவிக்,
27 டிசம்பர் 1958

அன்புள்ள அக்காவுக்கு, ஆசியும் நலமும், கிறிஸ்துமஸ் வாழ்த்தும்.

வருகிறாய்! உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போய் ஜன்னல் திரை வாங்கினேன். சின்னச் சின்ன நீலப் பூ போட்டது. இரண்டு காப்பிக் கோப்பைகளும் வாங்கினேன். இதுவரை ஒன்றுதான் இருந்தது, ஒன்றே போதுமானதாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்குப் புகை போட்ட ஆட்டுக் கறி சமைத்தேன். ஒரு ஆளுக்கு அது அதிகம், நாலு நாளாகத் தின்கிறேன். நீ வந்தபின் இந்தத் தொல்லை இராது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக நினைக்காதே. மணி விஷயத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வாளி வரியில் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் சிரிக்க வைக்கத்தான் அப்படி எழுதியிருக்கிறாய். நடந்ததை மட்டும் சொல்பவள், பிராண்டூர் முகம் மழித்திருந்ததை எழுதமாட்டாள்.

உண்மையாகவே ஒருவர்கூடவா சிரிக்கவில்லை?

ஆசியோடு இரு.
தோர்ஃபி


ஹ்வம்மூர்,
6 ஜனவரி 1959

தம்பிக்கு, ஆசியும் நலமும், புத்தாண்டு வாழ்த்தும்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நேற்று பிராண்டூர் பசுக்களைப் பார்க்க வந்தான். மூத்த பசு ஹுப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றான். பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்: "ஸ்வாவா, நீ ஒண்ணும் பயப்படாத. கமிட்டியில பேசிட்டோம். மணி விஷயம் விருந்துல வராது. உன் பேரே வராது. துக்க வீடு இல்லையா, எங்களுக்கும் மனசு இருக்கு."

"நன்றி"ன்னேன்.

அவன் போனபின் எண்ணிப் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் நாற்பத்து மூன்று பேர். நாற்பத்திரண்டு பேருக்கும் பாட்டு உண்டு. போன வருஷம் பிறந்து ஆறு வாரமான குழந்தைக்கே இரண்டு வரி கிடைத்தது. பாட்டு இல்லாதவர்கள், கோயிலுக்குப் பின்னால் கல்லறையில் படுத்திருப்பவர்கள்தான்.

விருந்துக்கு நான் போகப் போவதில்லை. துணிமணி கட்டத் தொடங்கிவிட்டேன். மற்ற நேரம் தூக்கம்தான், கவலைப்படாதே.

ஒரு சின்ன உதவி. நீ எழுத்துக் கோப்பவன், உனக்குத் தெரியும். வாளிக்கு மோனையாக வருகிற சொற்கள் கொஞ்சம் எழுதி அனுப்பு. ஒன்றுமில்லை, சும்மாதான்.

ஆசியோடு இரு.
அக்கா


ரேக்யவிக்,
12 ஜனவரி 1959

மதிப்புள்ள பிராண்டூர் அவர்களுக்கு, ஆசியும் நலமும் உண்டாகட்டும்.

என்னை நினைவிருக்கும் என்று நம்புகிறேன். ஸ்வாவாவின் தம்பி தோர்ஃபி. பத்து வயதில் உங்கள் படகைத் துளைபோட்டு மூழ்கடித்தவன்.

என் அக்காவின் பெயரை விருந்துப் பாட்டிலிருந்து எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் நல்ல மனது எனக்குப் புரிகிறது. ஆனால் தயவுசெய்து திரும்பச் சேர்த்துவிடுங்கள். அவள் கணவனைத்தான் இழந்தாள், காதை இழக்கவில்லை. நீங்கள் எல்லாரும் மெதுவாகப் பேசுவது அவளுக்குக் கேட்கிறது. ஒன்பது மாதமாக அவளை யாரும் திட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. அவள் உயிரோடு இருப்பது மறந்துபோய்விட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விஷயம் போதாவிட்டால் நான் தருகிறேன். பதினேழு வயதில் அவள் பாதிரியாரின் குதிரையை எங்கள் குதிரை என்று ஏறி, எதிர்க்கரை வரை போய், அவர் பிரசங்கத்துக்கு நடந்தே வரும்படி செய்தாள். தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடவும். அவளுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்து உப்புப் போடுவாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் இங்கே வரவேண்டும் என்று என்னைவிட ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை. ஆனால் ஊர் கைவிட்டதென்று அவள் வரக்கூடாது.

ஆசியோடு இருங்கள்.
தோர்ஃபி


ரேக்யவிக்,
13 ஜனவரி 1959

அன்புள்ள அக்காவுக்கு, ஆசியும் நலமும்.

நீ கேட்ட பட்டியல்: வானம், வாரம், வால், வாசல், வாத்து, வாய், வாடை. இன்னும் வேண்டுமானால் எழுது.

தூங்குகிறவளுக்கு மோனை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. வெந்நீர்க் குளம், கஞ்சி, வானொலி.

ஆசியோடு இரு.
தோர்ஃபி


ரேக்யவிக்,
2 பிப்ரவரி 1959

அன்புள்ள அக்காவுக்கு, ஆசியும் நலமும்.

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உங்கள் கடற்கழி வாயைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது, தபால் படகு வழியில் ஒதுங்கி நிற்கிறது என்று வானொலியில் சொன்னார்கள். டெலிபோன் செய்யலாம் என்று இரண்டு முறை தபால் நிலையம் வரை போனேன். ஒன்பது வீடு கேட்க நான் என்ன பேசுவது? திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று முன்தினம் விருந்து முடிந்திருக்கும். நான் ஒரு காரியம் செய்தேன் அக்கா. உனக்குத் தெரியாமல் பிராண்டூருக்குக் கடிதம் எழுதி, உன்னைக் கேலி செய்யச் சொன்னேன். குதிரை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். நீ போயிருந்து, உன் மனம் புண்பட்டிருந்தால் குற்றம் முழுவதும் என்னுடையது. நீ பதில் எழுதாததற்குக் காரணம் பனிக்கட்டியா, நானா என்று தெரியாமல் அச்சகத்தில் தப்புத் தப்பாகக் கோக்கிறேன். ஒரு மரண அறிவிப்பில் "மகிழ்ச்சியுடன்" என்று போட்டுவிட்டேன். நல்லவேளை, அச்சேறும் முன்னால் கண்ணில் பட்டது.

கட்டிலில் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். கோபத்தோடு வந்தாலும் வா.

ஆசியோடு இரு.
தோர்ஃபி


ஹ்வம்மூர்,
4 பிப்ரவரி 1959

அடேய் தோர்ஃபி, ஆசியும் நலமும் உனக்கு!

படகு நேற்று வந்துவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் திரும்புகிறது, மாலுமி என் சமையலறையில் உட்கார்ந்து அப்பம் தின்றுகொண்டிருக்கிறான். அவன் தின்று முடிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். வேகமாகத் தின்கிறான்.

நான் தூங்கவில்லை. அதில் மட்டும் உன்னிடம் பொய் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பால் கறக்கும்போது, மணி விஷயம் தானாகவே பாட்டாக வந்தது. முதல் இரண்டு வரி வந்ததும் நானே சிரித்துவிட்டேன். ஹுப்பா திரும்பிப் பார்த்தது. ஏப்ரலுக்குப் பின் அந்தக் கொட்டிலில் கேட்ட முதல் சிரிப்பு அது. அன்றிலிருந்து காலை ஒரு வரி, மாலை ஒரு வரி. தூக்கம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. பொழுது போதவில்லை.

பிராண்டூர் வந்து என் பெயரே வராது என்று சொன்னபோது பாட்டில் ஆறு செய்யுள் முடிந்திருந்தது. என் நிலைமையை யோசித்துப் பார். பசுக்கள் நல்ல ரசிகர்கள்தான், ஆனால் கைதட்டாது.

சனிக்கிழமை காலை வரை போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மதியம் விருந்துக்கு எடுத்துப்போகும் உணவுப் பெட்டியில் ஆட்டுத் தலையும் மோரில் புளிக்க வைத்த விலாக் கறியும் கட்டினேன். கட்டிவிட்டு, வேண்டாம் என்று பிரித்தேன். பிறகு மறுபடியும் கட்டி, பனிச்சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கூடத்தில் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். சாகக் கிடக்கும் மாமிக்கு இடம் கொடுப்பது மாதிரி. உட்கார்ந்தேன். கமிட்டிக்காரர்கள் ஊரில் ஒவ்வொருவரையும் எடுத்துப் பாட்டில் உரித்தார்கள். லௌகா ஒட்டுக்கேட்டபோது தும்மிவிட்டாளாம், ஒன்பது வீட்டிலிருந்தும் "ஆசி உண்டாகட்டும்" என்று சொன்னார்களாம். கூடம் அதிர்ந்தது. கடைசியில் பிராண்டூர் நோட்டை மூடினான். நாற்பத்திரண்டு பேரும் சிரித்துச் சிவந்திருந்தார்கள். நான் மட்டும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தேன்.

எழுந்துவிட்டேன்.

"ஏன் பிராண்டூர், நோட்டுல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கே, அது யாருது?"

அவன் முகம் வெளுத்தது. "ஸ்வாவா, ஒக்காரு... உனக்கு மனசு..."

"என் மனசுக்கு ஒண்ணும் இல்ல. நீ எனக்காக விட்டியா, இல்ல முகத்த மழிச்சிக்கிட்டு பாட்டுப் புஸ்தகத்தோட ஓடி வந்தியே, அதுக்காக விட்டியா?"

லௌகா வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். நான் நாற்காலியில் ஏறி நின்று பாடினேன். ஆறையும். உனக்கு முதலும் கடைசியும் எழுதுகிறேன்:

*வாரம் முடியவில்லை, வானம் விடியவில்லை,*
*வந்து நின்றாள் ஸ்வாவா மணிக்கயிற்றைப் பிடித்து.*
*வாளியோடு வந்தவர் வலப்பக்கம் நின்றார்,*
*வேதப்பாட்டோடு வந்தவர் விழித்தபடி நின்றார்.*

*பசு நாலும் சிரித்ததாம், பனிகூடச் சிரித்ததாம்,*
*படுத்திருக்கும் ஹெர்மானும் பக்கத்தில் சிரித்தாராம்.*
*பாதிரியும் சிரித்ததாகப் பல பேர் சொன்னார்கள்,*
*பாவம் பார்த்த ஊர் மட்டும் பல்லைக் காட்டவில்லை.*

தோர்ஃபி, அவர்கள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். டிசம்பரிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. லௌகா மேசை மேல் கவிழ்ந்துவிட்டாள். "அடியே, ஏழு வாரமா தலகாணிய வாயில அடச்சிக்கிட்டு சிரிச்சேன்டி! என் வீட்டுக்காரரு டாக்டரக் கூப்பிடவான்னு கேட்டாரு!" அடியே என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன், எது எது என்று பிரிக்க முடியவில்லை.

பிராண்டூர் என்ன செய்தான் தெரியுமா? காலணியைக் கழற்றி, உள்ளிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். கிழித்த பக்கம். மனம் வராமல் வைத்திருந்திருக்கிறான். அவர்கள் எழுதியது எட்டுச் செய்யுள், நான் எழுதியதைவிடக் கொடுமை. அதையும் பாடினார்கள். மாற்றி மாற்றி மூன்று முறை பாடினோம். ஹெர்மானுடைய பதினொன்றையும் ஒரே ராத்திரியில் நான் முந்திவிட்டேன்.

முடிவில் வழக்கப்படி அடுத்த கமிட்டியின் பெயரை வாசித்தார்கள். தலைவர்: ஹ்வம்மூர் ஸ்வாவா. ஆகவே பசுக்களைத் தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். நோட்டும் கையுமாக ஒரு வருஷம் ஊர் சுற்ற வேண்டும், பால் இல்லாமல் எப்படி முடியும்? பிராண்டூர், "அப்பாடா, ஹுப்பா ஒதைக்கும்னு சொன்னாங்க"ன்னான்.

இனி உன் விஷயம். உன் மோனைப் பட்டியலும் பிராண்டூருக்கு நீ எழுதிய கடிதமும் நேற்றைய படகில்தான் வந்தன, விருந்து முடிந்து மூன்று நாள் கழித்து. அவன் கிழித்துப் போடவில்லை. நேரே என்னிடம் கொண்டுவந்து, "கமிட்டித் தலைவருக்கு வந்த தபால்"னு சொல்லி நீட்டினான். படித்தேன். குதிரைக்காக உன் தோலை உரிப்பது நிச்சயம். கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கொட்டிலில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். முழங்கால் இருக்கிறது, குளம் இருக்கிறது, கஞ்சி, வானொலி, தெருவிளக்கு எல்லாம் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு மனிதர் பெயர்கூட இல்லை. அக்டோபரிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஒற்றைக் கோப்பை வைத்துக் காப்பி குடித்துக்கொண்டு எனக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். நான் என் இருட்டிலேயே இருந்ததில் உன்னுடையதைப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

செவ்வாய்க்கிழமை, பத்தாம் தேதி, சூரியன் சமையலறை ஜன்னலுக்கு வருகிறது. அதை வரவேற்கும் அப்பமும் சூரியக் காப்பியும் இங்கேதான், ஊர் முழுக்க வருகிறது. மாலுமி சொல்கிறான், ஞாயிறு அங்கே ஏறினால் செவ்வாய் காலை இங்கே இறங்கலாமாம். அந்தப் பெயிண்டில் மீதி இருந்தால் எடுத்து வா, சமையலறையை முட்டைக் கரு ஆக்கிவிடலாம். கோப்பை இரண்டையும் கொண்டு வா. அச்சகத்தில் எத்தனை நாள் விடுமுறை கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, நிறையக் கேள்.

வராமல் இருந்தாலும் தப்பிக்க முடியாது. அடுத்த வருஷ நோட்டில் முதல் பக்கம் உன்னுடையதுதான். தலைப்பும் போட்டுவிட்டேன்: விருந்து முடிந்த மூன்றாம் நாள் வந்த கடிதம்.

மாலுமி எழுந்துவிட்டான். ஆசியோடு இரு, இல்லை, ஆசியோடு வா.

உன் அக்கா,
ஸ்வாவா


தந்தி
ரேக்யவிக், 7 பிப்ரவரி 1959
பெறுநர்: ஸ்வாவா, ஹ்வம்மூர்

பெயிண்ட் இரண்டு டின். கோப்பை இரண்டு. ஞாயிறு படகு. நான் வரும்வரை சூரியனை நிறுத்தி வை. தோர்ஃபி.

(அடியே, தந்தியை உனக்கு டெலிபோனில் வாசித்தபோது ஒன்பது வீட்டிலும் கொக்கி எடுத்த சத்தம் கேட்டது. எல்லாரும் துறைக்கு வருகிறோம். புத்தகக்காரர்கள் பாட்டுப் புத்தகத்தோடும் நாங்கள் வாளியோடும். உன் தம்பியிடம் சொல்லிவிடாதே. லௌகா)